அரங்கன் பெயர் சூடிய பிள்ளைகள்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் பெரும்புகழ் பெற்ற இருவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்றுதான்: ரங்கராஜன். 1931இல் பிறந்த டி.எஸ்.ரங்கராஜன் கவிஞர் வாலி ஆனார். 1935இல் பிறந்த எஸ்.ரங்கராஜன் சுஜாதா ஆனார். மாலியைப் போல ஓவியராக வேண்டும் என்ற ஆசை முன்னவருக்கு இருந்ததைப் பார்த்து, பள்ளித் தோழர் ஒருவர் அந்தப் புதுப்பெயரைச் சூட்டினார். பின்னவர் எழுத வந்தபோது குமுதத்தில் ரா.கி.ரங்கராஜன் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன்கள் வேண்டாம் என்று மனைவியின் பெயரை வாங்கிக்கொண்டார். 1927இல் பிறந்த கும்பகோணத்து ரங்கராஜன் மட்டும் இரண்டு முன்னெழுத்துகளோடு தன் பெயரைக் கடைசிவரை வைத்துக்கொண்டார்.

பெயர் எதற்கு என்று கேட்டால், ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்ட என்றுதான் இன்று யாரும் சொல்வார்கள். ரங்கன் என்று தொடங்கும் பெயர்களின் வரலாற்றைப் பார்த்தால் அந்த விடை போதவில்லை. ரங்கராஜன், ரங்கநாதன், ரங்கசாமி, ரெங்கன், சீரங்கன், அரங்கன் ஆகிய எல்லாமே பலரோடு பகிர்ந்துகொள்வதற்காக வைத்த பெயர்கள். தெருவில் ஒருவர் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பது அந்தப் பெயரின் குறை என்று அதை வைத்தவர்கள் நினைக்கவில்லை. கோயிலுக்குள் ஒரே பெருமாளை எல்லோரும் கூப்பிடுகிறார்கள், வீட்டுக்குள் அதே பெயரால் ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறக்கும்போது கூட்டம் முழுதும் "ரங்கா, ரங்கா" என்று எழுப்பும் குரலும், சித்திரை வீதியில் ஒரு தாய் விளையாடப் போன மகனை அழைக்கும் குரலும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. அந்தப் பெயர் பெருகியதற்கும் இப்போது அருகி வருவதற்கும் பலரோடு பகிரும் இந்தத் தன்மையே காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் பொருள். அரங்கம் என்ற சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது தமிழ் அகராதிகள் தரும் பொருள்களில் ஒன்று. ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் நெருங்கும்போது நடுவே எஞ்சும் மேட்டு நிலம் அது. ஸ்ரீரங்கம் இந்தப் பொருளுக்கு வரைந்த படம் போலவே இருக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது, கீழே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன, நடுவில் தீவு. அரங்கம் என்றால் அவை, ஆடுமிடம், களம் என்றும் பொருள் உண்டு. வடமொழியில் ரங்கம் என்பதற்கு மேடை, அவை, வண்ணம் எனப் பொருள்கள். கோயில் மரபு இன்னொரு விளக்கம் சொல்கிறது: பெருமாள் விரும்பி மகிழ்ந்து தங்கிய இடமாதலால் ரங்கம். அயோத்தியிலிருந்து விபீஷணன் இலங்கைக்கு எடுத்துச் சென்ற விமானம் இங்கே சந்திர புஷ்கரணிக் கரையில் நிலைகொண்டுவிட்டது, விபீஷணனுக்காகப் பெருமாள் தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டார் என்ற தலபுராணத்தோடு இந்த விளக்கம் பொருந்திப் போகிறது.

இந்த விளக்கங்களில் எது மூலம் என்று வாதிடுவோர் இரு பக்கமும் உண்டு. பெயர் சூட்டலைப் பொறுத்தவரை நமக்கு அதில் தீர்ப்புத் தேவையில்லை. முக்கியமானது வேறு. இந்தப் பெயரில் இடம்தான் முதலில் வருகிறது, தெய்வம் பிறகுதான். கேசவன், மாதவன், கோவிந்தன் என்பன பெருமாளின் குணத்தையோ செயலையோ சொல்பவை. ரங்கநாதன் என்பது ஓர் ஊரின் தலைவன் என்று மட்டும் சொல்கிறது. நெல்லூரிலோ மதுராவிலோ ஒரு குழந்தைக்கு ரங்கநாதன் என்று பெயரிட்டால் காவிரியின் நடுவே உள்ள ஒரு திட்டின் முகவரியும் அந்தக் குழந்தையோடு சேர்ந்துவிடுகிறது.

தமிழ் இலக்கணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ர என்ற எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. வடசொல் வரும்போது அதற்கு முன் அ, இ, உ என்ற குறில்களில் ஒன்று சேர வேண்டும் என்கிறது நன்னூல். இதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் அரங்கம், இராமன், உரோமம் மூன்றும் பள்ளிப் பாடத்திலேயே வந்து பழகியவை. ஆழ்வார்கள் பாடியதும் அரங்கன் என்றுதான். பன்னிரு ஆழ்வார்களில் மதுரகவி நீங்கலாகப் பதினொருவர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். மொத்தம் 247 பாசுரங்கள் என்பது மரபுக் கணக்கு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் வேறு எந்தத் தலத்தையும் பாடவில்லை. ஆற்றின் எதிர்க்கரையில் உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் அரங்கனின் திருவடியிலிருந்து கண்கள்வரை பத்துப் பாசுரங்களில் பாடி முடித்தார். அதற்கும் முன்பே சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் இந்தக் கிடந்த கோலத்தைச் சொல்லிச் செல்கிறான். இலக்கியத்தில் இவ்வளவு பழமை வாய்ந்த தலப்பெயர், மக்கட்பெயராக எப்போது இறங்கி வந்தது?

அதற்குப் போகுமுன், பெயர் வைப்பதைப் பற்றியே ஒரு பதிகம் பாடிய ஆழ்வாரைப் பார்த்துவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் நான்காம் பத்தில் ஒரு திருமொழி முழுவதும் பெற்றோரை நோக்கிப் பேசுகிறது. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுச் செல்வரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள், மனிதப் பெயரை மனிதனுக்கு வைப்பதில் என்ன பயன், திருமாலின் பெயரை வையுங்கள், அப்படி வைத்த பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்கு இதில் வியப்பளிப்பது, பலன் பிள்ளைக்கு என்று சொல்லாமல் தாய்க்கு என்று சொன்னது. காரணம் எளிது. நாள் முழுதும் அந்தப் பெயரை வாயால் சொல்லப்போகிறவள் அவள்தான். சோறூட்டும்போதும், திட்டும்போதும், தேடும்போதும் அவள் சொல்வது திருநாமமாகிவிடுகிறது. பாகவதத்தில் அஜாமிளன் சாகும் தறுவாயில் நாராயணன் என்ற மகனைக் கூப்பிட்டு அதனாலேயே கடைத்தேறிய கதைக்கும் இதே நியாயம்தான். ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் ஒரு கவிஞர் இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருந்தது என்றால், மக்கள் வேறு விதமாகவும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? கொடையாளியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துப் பரிசு பெறும் வழக்கம் அப்போது இருந்திருக்க வேண்டும். தெய்வப் பெயரே இயல்பு என்று நாம் நினைப்பது பக்தி இயக்கம் வென்றபின் வந்த நினைப்பு.

ஆழ்வார்களின் பாசுரங்களைத் தொகுத்து நாலாயிரமாக்கிய நாதமுனிகளை வைணவ மரபு ஸ்ரீரங்கநாதமுனிகள் என்றே குறிக்கிறது. காட்டுமன்னார்கோயிலில் பிறந்த பத்தாம் நூற்றாண்டுப் பெரியவர் அவர். தொகுத்தவரின் பெயரிலேயே அரங்கன் இருக்கிறான். அவருடைய பேரர் ஆளவந்தார். ஆளவந்தார் நிறைவேறாத மூன்று ஆசைகளை விட்டுச் சென்றதாகவும் இராமாநுசர் அவற்றை ஏற்றுக்கொண்டதாகவும் குருபரம்பரை சொல்கிறது. அவற்றில் ஒன்று, வியாசர், பராசரர் என்ற முனிவர்களின் பெயர் உலகில் நிலைக்க வேண்டும் என்பது. இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வானுக்கு அரங்கன் பிரசாதத்தால் ஆண்பிள்ளைகள் பிறந்தபோது இராமாநுசரே பராசரர், வேதவியாசர் என்று பெயரிட்டு அந்தக் கடனைத் தீர்த்தார். ஒரு குழந்தைக்கு வைக்கும் பெயரால் ஓர் ஆசாரியனின் கடைசி விருப்பம் நிறைவேறியது என்று நம்பிய ஊர் இது. பராசரர் என்று பெயர் பெற்ற குழந்தை அரங்கனின் பிள்ளையாகவே வளர்ந்தது, பராசர பட்டர் என்று புகழ்பெற்றது, வளர்ந்து வடமொழியில் ஸ்ரீரங்கராஜ ஸ்தவம் என்ற துதிநூலை இயற்றியது. ரங்கராஜன் என்ற பெயரை ஊரெல்லாம் வழங்கச் செய்ததில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அரங்கனை அரசனாகக் காணும் பார்வை இன்றும் கோயில் நடைமுறையில் உயிரோடு இருக்கிறது. உற்சவர் உலா வரும் நடைக்கும் உடுத்தும் உடைக்கும் அரச மரியாதையே அளவு.

உற்சவரின் பெயருக்கு ஒரு தனிக் கதை உண்டு. மூலவர் பெரிய பெருமாள். உற்சவரின் பழம்பெயர் அழகிய மணவாளன். 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் முதுமையில் உயிர் நீத்தார். பிறகு அந்தத் திருமேனி மலையாள நாடு, மைசூர்ப் பக்கம், திருமலை என்று ஊர் ஊராகச் சுற்றியது. 1371இல் விஜயநகரத் தளபதி கோபணார்யர் மீட்டுக் கொண்டுவந்தபோது ஸ்ரீரங்கத்தில் வேறொரு உற்சவர் எழுந்தருளியிருந்தார். எது பழைய திருமேனி என்று அடையாளம் சொல்ல ஆளில்லை. 48 ஆண்டுகள் கடந்திருந்தன. பெருமாளின் ஆடைகளைத் துவைத்து வந்த பார்வையிழந்த முதியவர் ஒருவரை அழைத்தார்கள். ஈரங்கொல்லி என்று மரபு அவரைச் சொல்கிறது. இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடை பிழிந்த தீர்த்தத்தை அவருக்குக் கொடுத்தார்கள். கஸ்தூரி மணத்தை நாவிலேயே அறிந்து, இவரே நம்பெருமாள் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து அதுவே பெயர்.

பட்டரும் வேதாந்தியும் சூட்டாத ஒரு பெயரை ஒரு சலவைத் தொழிலாளி பெருமாளுக்குச் சூட்டினார் என்பதை ஸ்ரீரங்கம் மறைக்காமல், பெருமையோடு சொல்லி வருகிறது. நம்பெருமாள் என்ற மக்கட்பெயர் இந்த ஒரு குரலிலிருந்து பிறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் கட்டிய ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியாரும் (1856–1925) மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் நம்பெருமாள்சாமியும் சுமந்தது அந்த முதியவரின் சொல்லைத்தான். அழகிய மணவாளன் என்ற பழைய பெயரும் மறையவில்லை. 1370இல் ஆழ்வார்திருநகரியில் பிறந்து பின்னாளில் ஸ்ரீரங்கத்தில் மணவாள மாமுனிகளாக வீற்றிருந்தவருக்குப் பிள்ளைப் பெயர் அதுவே. பெருமாள் ஊர் திரும்பாத அந்த ஆண்டில், தாமிரபரணிக் கரையில் ஒரு வீட்டார் அவர் பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள்.

விஜயநகர ஆட்சி வந்த பின் பெயர் வேகமாகப் பரவியது. அரசர்களே அதைச் சூடிக்கொண்டார்கள். விஜயநகரத்தின் அரவீட்டு மரபில் முதலாம் ஸ்ரீரங்கன் 1572 முதல் 1586 வரை ஆண்டான். மதுரை நாயக்கர்கள் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய பிறகு அந்தக் குடும்பத்திலும் அரங்கன் நுழைந்தான். ராணி மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன். அவன் இளம் வயதில் இறந்துவிட, பேரனுக்காக அவள் 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்தினாள். அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதன். இந்தப் பெயரை நின்று கவனிக்க வேண்டும். சொக்கநாதர் மதுரையின் சிவன். ரங்கன் திருச்சியின் பெருமாள். குலத்தின் பழைய தலைநகரும் புதிய தலைநகரும் ஒரு பையனின் பெயருக்குள் சேர்ந்து நிற்கின்றன. அவனும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் இன்றும் ஸ்ரீரங்கம் கோயிலில் இருக்கின்றன. அதே காலத்தில் கடற்கரையில் வாழ்ந்த ஆனந்தரங்கம் பிள்ளை (1709–1761) பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்து பெரும் நாட்குறிப்பு எழுதினார். பிறப்பால் இடையர் குலத்தவர். ரங்கன் என்ற பெயர் அந்தணர் தெருவின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரங்கராஜன் என்றதும் ஐயங்கார் என்று முடிவு கட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக உள்ளது. சேலத்திலிருந்தும் பின்பு 1998, 1999 தேர்தல்களில் திருச்சியிலிருந்தும் மக்களவைக்குச் சென்ற ரங்கராஜன் குமாரமங்கலம் கொங்கு ஜமீன் குடும்பத்தவர். நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் (1892–1972) ஸ்மார்த்தர். கோவையில் பி.எஸ்.ஜி. சகோதரர்களில் ஒருவர் ரங்கசாமி நாயுடு. புதுச்சேரி முதல்வர் என்.ரங்கசாமி. சாமி என்று முடிந்தால் மற்றவர், ராஜன் என்று முடிந்தால் ஐயங்கார் என்ற கணக்கும் நிற்காது. 'இந்து', 'சுதேசமித்திரன்' பத்திரிகைகளின் ஆசிரியராக இருந்தவர் ஏ.ரங்கசாமி ஐயங்கார். ஆனாலும் ஒலிவடிவங்களில் ஒரு சமூக வரைபடம் இருக்கத்தான் செய்கிறது. கொள்ளிடக் கரைக் கிராமங்களிலும் சேலம், நாமக்கல் பக்கமும் கேட்கும் சீரங்கன், சீரங்கம்மாள் என்பன ஸ்ரீரங்கத்தை நாவுக்கு இசைவாக்கிக்கொண்ட வடிவங்கள். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் ரெங்கராஜ், ரெங்கசாமி என்று ரெகரம் போட்டே எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாரும் சொல்வதை அவர்கள் எழுத்திலும் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அதைப் பிழை என்று திருத்துகிற அலுவலகங்கள் ஒரு வட்டாரத்தின் உச்சரிப்பையே அழிக்கின்றன. தனித்தமிழ் உணர்வு எழுந்த காலத்தில் பழைய அரங்கன் மீண்டும் வந்தான். அரங்கநாதன், அரங்கசாமி என்று எழுதத் தொடங்கினார்கள். திராவிட இயக்க எழுத்தாளர் இராம.அரங்கண்ணல் பெயரில் அந்தச் சொல்லாக்கம் முழுமை பெற்றது. கடவுள் மறுப்புப் பேசிய இயக்கத்திலும் அரங்கம் என்ற சொல் இடம்பெற்றது என்றால், அது தமிழ்ச் சொல்லாக அவர்களுக்குப் பட்டதுதான் காரணம்.

பெயர் பரவ ஸ்ரீரங்கம் மட்டும் போதாது. வழியெல்லாம் கிளைக் கோயில்கள் இருந்தன. காவிரியில் மைசூர்ப் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். மூன்றுமே ஆற்றுத் தீவுகள். கீழே மயிலாடுதுறையில் பரிமள ரங்கநாதர். வடக்கே நெல்லூரில் பெண்ணாற்றங்கரையில் ரங்கநாதர். கன்னடத்தில் ரங்கப்பா, ரங்கண்ணா என்றும் தெலுங்கில் ரங்கய்யா, ரங்காராவ் என்றும் பெயர் கிளைத்தது. கொங்கு நாட்டில் ரங்கசாமிகள் மிகுதியாக இருப்பதற்குக் காரமடை அரங்கநாதரே முதற்காரணம். அங்கிருந்து மலையேறினால் கோத்தகிரிக்குக் கிழக்கே ரங்கசாமி சிகரம். இருளர்கள் வழிபடும் உச்சி அது. இன்னும் வடக்கே பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் ரங்கனைத் தங்கள் பெண்ணை மணந்தவர் என்று சொல்லி, அக்காள் கணவரைப் போல முறை வைத்து அழைக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அவர் அரசர், சோலிகர் ஊரில் வீட்டு மாப்பிள்ளை. இந்த இரண்டாவது உறவை ஆய்வாளர்கள் இன்னும் கூர்ந்து எழுத வேண்டும். ஆகமமும் அரசாணையும் எட்டாத இடங்களில் ஒரு பெயர் எப்படி வேரூன்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வடக்கே போனவர்களும் பெயரை எடுத்துச் சென்றார்கள். பிருந்தாவனத்தில் 1851இல் கட்டி முடித்த ரங்கஜி கோயில் தென்னாட்டு ஆசாரியர் மரபில் எழுந்தது. அங்கிருப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மணாளர் ரங்கமன்னார். ஆக்ராவில் தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்த இந்தி நாவலாசிரியர் ராங்கேய ராகவ் (1923–1962), தந்தையின் பெயரிலிருந்த ரங்கத்தை வடமொழி முறைப்படித் தன் எழுத்துப் பெயருக்கு முன்னொட்டாக்கிக்கொண்டார்.

திருச்சியில் அரங்கன் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சில கல் தொலைவுக்குள் எத்தனை தெய்வங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்! மலைக்கோட்டைச் சிவன் தாயுமானவர். அவர் அருளால் பிறந்த பிள்ளை என்று பெயர் பெற்ற தாயுமானவ சுவாமிகளின் தந்தை பணிபுரிந்தது விஜயரங்க சொக்கநாதனிடத்தில்தான். திருவானைக்காவலிலிருந்து ஜம்புநாதன், ஜம்புலிங்கம், அகிலாண்டம். அகிலாண்டம் ஆண்களுக்கும் வைத்த பெயர். 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்ற அகிலனின் முழுப்பெயர் பி.வி.அகிலாண்டம். சமயபுரத்தாளிடமிருந்து மாரிமுத்து, மாரியப்பன். நத்தர்வலி தர்காவிலிருந்து நத்தர்ஷா. லூர்து மாதா கோயிலைச் சுற்றி லூர்துசாமி. திருச்சி மாவட்டத்துப் பழைய பள்ளி வருகைப் பதிவேட்டை வரிசையாக வாசித்தாலே ஊரின் கோயில்களையும் தர்காவையும் தேவாலயத்தையும் சுற்றி வந்ததாகிவிடும்.

இத்தனை ரங்கன்களை வைத்துக்கொண்டு ஊர் எப்படிச் சமாளித்தது? முன்னெழுத்துகள் ஒரு வழி. ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கி முன்னால் நின்றன. வீட்டுக்குள் வேறு வழி. பாட்டனார் பெயர் பேரனுக்கு என்பது விதி; பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. முதல் பேரன் ரங்கராஜன் என்றால், அவன் தாய்க்கு அது மாமனாரின் பெயர். வாயால் சொல்லக் கூடாது. ஆகவே அந்தப் பிள்ளை வீட்டில் அம்பியாகவோ கண்ணனாகவோ வளர்ந்தான். திருநாமத்தைத் தாய் நாளெல்லாம் சொல்ல வேண்டும் என்று பெரியாழ்வார் பாடினார். மாமனார் மரியாதை அந்தத் தாயின் வாயை அடைத்தது. இரண்டு நல்ல வழக்கங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட இடம் இது. மற்ற வீடுகளில் ரங்கு, ரெங்கா என்று சுருக்கினார்கள். ஒரு தெருவில் நெட்டை ரங்கன், மாடி வீட்டு ரங்கன், தபால்கார ரங்கன் என்று அடைமொழிகள் வந்து சேர்ந்தன. பெயர் எல்லோருக்கும் பொது, அடைமொழிதான் ஆளுக்கு ஆள் வேறு. இப்படிப் பார்த்தால் வாலியும் சுஜாதாவும் செய்தது ஊர் வழக்கத்தின் தொடர்ச்சியே.

இந்தப் பெயர் இப்போது எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது? அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பிறந்த குழந்தைகளின் பெயர்களைச் சமூகப் பாதுகாப்புத் துறை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. நம் பிறப்புப் பதிவேடு அதற்காக அமைந்ததல்ல. இங்கே குழந்தையைப் பெயரில்லாமலே பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும் அதன்பின் கட்டணத்தோடு 15 ஆண்டுகள்வரையும் பெயரைச் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிவதை யாரும் மறுக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் ரங்கராஜன்கள் மூத்தவர்களின் வரிசையில் இருக்கிறார்கள். மழலையர் வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்பது அரிது. பெயர் மூன்று நான்கு அசைகளில் நீள்கிறது, இன்றைய விருப்பமோ இரண்டு அசை. தாத்தா பெயர் என்ற முத்திரையும் விழுந்துவிட்டது. நட்சத்திர எழுத்துப் பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் இப்போது மிகப் பரவியிருக்கிறது. ர, ரி என்பன சித்திரை நட்சத்திரத்துக்குரிய எழுத்துகள். ஆக, 27 நட்சத்திரங்களில் ஒன்றில் பிறந்தவனுக்கே அரங்கன் பெயர் பொருந்தும் என்று ஆகிவிடுகிறது. எந்த நாளில் பிறந்தாலும் அரங்கன் பெயரை வைத்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு புரிந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று பெற்றோர் விரும்புகிறார்கள். பகிர்ந்துகொள்வதற்கென்றே இருந்த ஒரு பெயருக்கு அந்த விருப்பத்துக்குள் இடமில்லை.

ஆனால் பெயர் முற்றும் போய்விடவில்லை. அந்தணர் வீடுகளில் பதினோராம் நாள் புண்யாகவாசனத்தில் பாட்டனாரின் பெயரைச் சர்மா பெயராக வைத்துவிட்டு, கூப்பிட வேறு பெயரைத் தேர்கிறார்கள். பூணூல் போட்ட பிறகு அந்தப் பையன் பெரியவர்களை வணங்கி அபிவாதனம் சொல்லும்போது கோத்திரம், சூத்திரம், அதன் முடிவில் ரங்கநாத சர்மா என்கிறான். பள்ளியில் அவன் பெயர் வேறு. சடங்குக்குள் மட்டும் இருக்கும் பெயரை யாரும் தெருவில் கூவுவதில்லை. பெரியாழ்வார் கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கூப்பிடாத பெயர் பாதிப் பெயர்தான். மற்ற சமூகங்களில் நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்குக் கோயிலில் முடியிறக்கும்போது ரெங்கன் என்று ஒரு பெயர் வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடுகிறது.

பெயர் புதிதாகப் பிழைத்திருக்கும் இடம் கடவுச்சீட்டு. வெளிநாடு போகிறவரிடம் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லாததால் தந்தை பெயரை எழுதுகிறோம். ரங்கராஜன் மகன் கார்த்திக், நியூ ஜெர்சியிலோ லண்டனிலோ கார்த்திக் ரங்கராஜன் ஆகிறார். தமிழ்ச் சம்பிரதாயப்படி அவருடைய மகளுக்குத் தந்தை பெயரான கார்த்திக்தான் பின்னால் வர வேண்டும். ஆனால் அந்த நாட்டு வழக்கப்படி அவளும் ரங்கராஜன் என்றே பதிவாகிறாள், அவளுடைய தம்பியும் அப்படியே. பாட்டனிடமிருந்து பேரனுக்கு ஒரு தலைமுறை தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்த பெயர், இப்போது தலைமுறைதோறும் தொடர்ந்து செல்கிறது. ஆண்பிள்ளைக்கென்று இருந்தது பெண்பிள்ளைக்கும் போகிறது. ரங்கநாயகி, ரங்கம்மாள் என்று தனி வடிவம் தேவைப்பட்ட இடத்தில் ரங்கராஜன் என்றே ஒரு பெண் கையெழுத்திடுகிறாள். அவளுடைய ஆசிரியர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள்.